முகத்தில் பூசும் அமிலம்: வீட்டிலா, மருத்துவரிடமா?

பாம்பு சட்டை உரிப்பதைக் கண்டு நாம் வியக்கிறோம். மனிதனும் சட்டை உரிப்பவன்தான் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாம்பு ஒரே மூச்சில் உரித்துவிடுகிறது. நாமோ கண்ணுக்குத் தெரியாத செதில்களாக நாள்தோறும் உரித்துக்கொண்டே இருக்கிறோம். தோலின் அடியில் புதிய செல்கள் பிறந்து, மேலே ஏறி, செத்து, உதிர்வதற்குச் சுமார் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. இந்த இயற்கையான வேலையை அமிலத்தின் துணையால் விரைவுபடுத்துவதுதான் 'கெமிக்கல் பீல்' எனப்படும் இரசாயனத் தோலுரிப்பு.

ஒரு காலத்தில் பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் மட்டும் பேசப்பட்ட இச்சொல், இன்று பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளிலும், திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் அழகு நிலையங்களிலும், எண்ணூரில் இருக்கும் கல்லூரி மாணவியின் கைப்பேசியிலும் புழங்குகிறது. "பருத் தழும்பு மறைய வீட்டிலேயே பீல் போட்டுக்கொள்ளலாமா? டாக்டரிடம்தான் போக வேண்டுமா?" என்று இயற்பியல் ஆசிரியரிடமே மாணவர்கள் கேட்கும் அளவுக்கு இது பரவிவிட்டது.

இக்கேள்விக்குச் சீசாவின் உறை ஒரு விடை தருகிறது. அழகு நிலையத்தின் துண்டறிக்கை ஒரு விடை தருகிறது. காணொளிகள் ஆயிரம் விடைகள் தருகின்றன. இவ்விடைகளை அறிவியல் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவ ஆலோசனை கூறுவது நம் வேலையன்று. ஆனால், எண்களைக் காட்டி நம்பச் சொல்பவர்களிடம் அந்த எண்களுக்குப் பொருள் கேட்பது அறிவியல் படித்த ஒவ்வொருவரின் வேலையும் ஆகும்.

தாளின் தடிமன்

முதலில் நாம் எதை உரிக்கப் போகிறோம் என்று பார்ப்போம். முகத்தின் மேல்தோல் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. நாம் எழுதும் தாளின் தடிமனும் அவ்வளவுதான். அதிலும் வெளிப்புறத்தில் உள்ள செத்த செல்களின் படலம் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டரே இருக்கும். இதனைக் கொம்புப்படலம் என்பர். செங்கல்லை அடுக்கிச் சாந்து பூசியது போல, இங்கே செத்த செல்கள் அடுக்கப்பட்டு, இடையே கொழுப்புப் பொருள் பூசப்பட்டிருக்கிறது. உடலின் நீர் வெளியேறாமலும், வெளி நஞ்சு உள்ளே புகாமலும் காப்பது இந்தச் சுவரே.

மேல்தோலின் அடித்தட்டில் மெலனின் என்னும் கருநிறப் பொருளைச் செய்யும் செல்கள் இருக்கின்றன. அதற்கும் கீழே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட உட்தோல். கொம்புப்படலத்தோடு அல்லது மேல்தோலோடு நின்றால் அது மேலோட்டமான உரிப்பு. உட்தோலின் மேற்பகுதியைத் தொட்டால் நடுத்தர உரிப்பு. அதற்கும் கீழே போனால் ஆழ்ந்த உரிப்பு. மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் மில்லிமீட்டரின் சிறு பின்னங்களே! எனவே "கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் என்ன?" என்ற கேள்வி இங்கே மிகவும் ஆபத்தானது.

இக்கலை புதிதன்று. ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா 1882இல் சாலிசிலிக் அமிலம், டிரைகுளோரோ அசெட்டிக் அமிலம், பீனால் முதலியவை தோலில் செய்யும் வேலையை விவரித்தார். 1974இல் அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்னும் இருவர், மீன்செதில் போலத் தோல் தடிக்கும் நோய்க்கு ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலங்களைப் பயன்படுத்தி வெளியிட்ட ஆராய்ச்சி, இன்றைய கிளைகாலிக் அமிலச் சீசாக்களுக்கெல்லாம் முன்னோடியாயிற்று.

நம் வீடுகளுக்கும் இது முற்றிலும் அந்நியமானதன்று. கால் ஆணிக்கு ஒட்டும் பட்டையில் இருப்பது சாலிசிலிக் அமிலம். படர்தாமரைக்குத் தடவும் விட்ஃபீல்டு களிம்பில் 6% பென்சாயிக் அமிலமும் 3% சாலிசிலிக் அமிலமும் இருக்கின்றன. அதைத் தடவிய இடத்தில் தோல் உரிவதைப் பலர் கண்டிருப்பர். ஆக, 'வீட்டில் தோலுரிப்பே கூடாது' என்று ஒரேயடியாகச் சொல்வதும் அறிவியல் ஆகாது.

விழுக்காடு சொல்லாத உண்மை

இப்போது சீசாவின் உறையை எடுத்துக்கொள்வோம். "10% கிளைகாலிக்", "20%", "30%" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். எண் பெரிதானால் வலிமை பெரிது என்று வாங்குபவர் கருதுகிறார். விற்பவரும் அப்படியே கருதவிடுகிறார். இதுவே முதல் பிழை.

அமிலம் நீரில் கரையும்போது அதன் மூலக்கூறுகளில் ஒரு பகுதி அயனிகளாகப் பிரிகிறது. மின்னூட்டம் பெற்ற அயனி, கொழுப்புச் சாந்தைக் கடந்து எளிதில் உள்ளே போவதில்லை. பிரியாமல் முழுதாக நிற்கும் மூலக்கூறே ஊடுருவும். எவ்வளவு முழுதாக நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது கரைசலின் பி.எச். மதிப்பு. கிளைகாலிக் அமிலத்துக்கு பி.எச். 3.83 என்ற நிலையில் பாதி முழுதாகவும் பாதி பிரிந்தும் இருக்கும். பி.எச். அதற்குக் கீழே இறங்க இறங்க முழு மூலக்கூறுகள் பெருகும். மேலே ஏற ஏறக் குறையும். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் படித்த மாணவர் எவரும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்:

10% கரைசல், பி.எச். 3.5 ஆனால், ஊடுருவக்கூடிய அமிலம் சுமார் 6.8%.
20% கரைசல், பி.எச். 4.8 ஆனால், சுமார் 2%.
30% கரைசல், பி.எச். 3.6 ஆனால், சுமார் 19%.
30% கரைசல், பி.எச். 3.0 ஆனால், சுமார் 26%.

பார்த்தீர்களா? '20' என்று எழுதிய சீசா '10' என்று எழுதிய சீசாவைவிட மூன்றில் ஒரு பங்கு வலிமைகூட இல்லாமல் இருக்கலாம்! பி.எச். மதிப்பைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்வது, மின்னழுத்தத்தைச் சொல்லாமல் கம்பியின் நீளத்தை மட்டும் சொல்லி மின்னோட்டத்தைக் கணக்கிடச் சொல்வது போன்றது.

அமெரிக்காவில் ஒப்பனைப் பொருள்களின் மூலப்பொருள்களை ஆராயும் நிபுணர் குழு 1998இல் வெளியிட்ட முடிவும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே கூறுகிறது. மக்கள் தாமே பயன்படுத்தும் பொருளில் கிளைகாலிக், லாக்டிக் அமிலங்கள் 10%க்கு மிகாமலும், பி.எச். 3.5க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். வெயிலிலிருந்து காத்துக்கொள்ள அறிவுரையும் வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் சிறிது நேரம் பூசி உடனே நன்றாகக் கழுவுவதாயின் 30% வரை, பி.எச். 3.0க்குக் குறையாமல். ஐரோப்பிய அறிவியல் குழு ஒன்று இன்னும் கடுமையாக, கிளைகாலிக் அமிலத்துக்கு 4%, பி.எச். 3.8 என்று பரிந்துரைத்தது.

இந்த அளவுகோலை வைத்து இணையக் கடைகளில் வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் '30%' சீசாக்களை நோக்குங்கள். அதிலுள்ள அமிலக் கலவை முழுவதும் கிளைகாலிக் என்றே வைத்துக்கொண்டு, பி.எச். 3.6 எனக் கொண்டாலும், அது மேற்சொன்ன வீட்டு எல்லையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வலிமை உடையதாகிறது. 'வீட்டுப் பொருள்' என்ற பெயர் இங்கே பொருளின் தன்மையைக் குறிக்கவில்லை. அதை விற்கும் இடத்தை மட்டுமே குறிக்கிறது.

நேரமும் ஆழமும்

இரண்டாவதாக, நேரம். ஒரே சீரான பொருளில் ஒன்று ஊடுருவிப் பரவும்போது அது செல்லும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது என்பது பரவலின் பொதுவிதி. ஒரு நிமிடத்தில் ஓர் அளவு ஆழம் சென்றால், 4 நிமிடத்தில் இரு மடங்கும் 9 நிமிடத்தில் மும்மடங்கும் செல்லும். இதைக் கேட்டவுடன், "நேரம் கூடினால் ஆழம் மெதுவாகத்தானே கூடுகிறது? ஐந்து நிமிடம் அதிகம் வைத்தால் குற்றமில்லை" என்று சிலர் எண்ணலாம்.

அங்கேதான் தவறு நேர்கிறது. தோல் ஒரே சீரான பொருள் அன்று. தொடரிணைப்பில் ஒரு பெரிய மின்தடையும் பல சிறிய மின்தடைகளும் இருப்பதாகக் கொள்ளுங்கள். பெரிய தடை இருக்கும்வரை மின்னோட்டம் கட்டுக்குள் இருக்கும். அது அறுந்து குறுக்குச் சுற்றானால்? மின்னோட்டம் திடீரென்று எகிறும். தோலில் அந்தப் பெரிய தடை கொம்புப்படலம். அது கரைந்த பிறகு அமிலத்துக்குக் கீழே பெரிய எதிர்ப்பு இல்லை. மூக்கின் ஓரம், உதட்டின் ஓரம், கண் முனை ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. திரவமும் வழிந்து அங்கே தேங்கும். மருத்துவர்கள் அவ்விடங்களில் முன்கூட்டியே வாசலின் தடவிவிடுவது இதனால்தான்.

அமிலத்துக்கு அமிலம் நடத்தையும் வேறு. கிளைகாலிக் அமிலத்தைக் குறித்த நேரத்தில் சோடியம் பைகார்பனேட் கரைசலால் நடுநிலையாக்கி நிறுத்த வேண்டும். சாராயத்தில் கரைத்த சாலிசிலிக் அமிலம், சாராயம் ஆவியானதும் வெண்பொடியாகப் படிந்து பெரும்பாலும் தானே நின்றுவிடும். டிரைகுளோரோ அசெட்டிக் அமிலமோ தோலின் புரதத்தை முட்டை வெண்கரு போல உறையச் செய்கிறது. பூசிய இடம் பனி படர்ந்தது போல வெளுக்கும். அந்த வெண்மையின் தரத்தைப் பார்த்தே ஆழத்தை மதிப்பிட வேண்டும். உறைந்த பிறகு அதைத் திருப்ப முடியாது. பீனால் உடலுக்குள் உறிஞ்சப்பட்டால் இதயத் துடிப்பையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். ஒரு கையில் கைப்பேசியையும் மறுகையில் பஞ்சையும் வைத்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல இது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில், வலிமை மிக்க தோலுரிப்பு அமிலங்களை மருத்துவ மேற்பார்வையின்றி வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று மக்களை எச்சரித்தது. இத்தகைய பொருள் எதற்கும் தான் ஒப்புதல் அளித்ததில்லை என்பதையும் அது தெளிவாக்கியது.

"இயற்கையானது, ஆகவே கெடுதல் இல்லை"

சீசா வேண்டாம், சமையலறை போதும் என்போர் உண்டு. எலுமிச்சைச் சாறும் சோடா உப்பும் கலந்து முகத்தில் தேய்க்கும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. இதனையும் எண்ணால் அளப்போம். தோல்பரப்பின் பி.எச். சுமார் 5. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2ஐ ஒட்டியது. பி.எச். ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு. மூன்று குறைந்தால் ஆயிரம் மடங்கு! பிறகு தேய்க்கும் சோடா உப்போ பி.எச். 8ஐத் தாண்டிய காரம். அமிலச் சூழலில் வாழப் பழகிய தோலை முதலில் ஒரு பக்கமும், அடுத்து மறுபக்கமும் தள்ளுகிறோம்.

இதைவிடப் பெரிய தீங்கு வேறொன்று. எலுமிச்சை இனத்துப் பழங்களில், குறிப்பாகத் தோலில், ஃப்யூரோகூமரின் என்னும் பொருள்கள் உள்ளன. இவை தோலில் பட்டபின் வெயில் பட்டால், புற ஊதாக் கதிரை உறிஞ்சிக் கொப்புளமும் நீண்டநாள் கருமையும் உண்டாக்கும். கருமை போகத் தடவியதே கருமையைக் கொண்டுவருகிறது. தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் மிகக் குறைவு. அதனால் பெரிய கெடுதலும் இல்லை, விளம்பரம் செய்கிற பெரிய நன்மையும் இல்லை. இயற்கை என்பது நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவான முகவரி.

'புரொஃபஷனல்' என்றால் யார்?

சீசாவைக் குறை கூறினோம். துண்டறிக்கையை விட்டுவிடலாமா? "புரொஃபஷனல் பீல்" என்று அழகு நிலையங்கள் எழுதி வைக்கின்றன. இச்சொல் ஆபத்தான மயக்கம் தருவது. கூலி பெற்றுக்கொண்டு செய்பவர் எவரும் தொழில்முறையினர்தான். ஆனால் தொழில்முறையினர் எல்லாரும் மருத்துவர் அல்லர்.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் 2008இல் வெளியிட்ட வழிமுறைகள், பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும் என்றும், ஆழ்ந்த பீனால் உரிப்பு நம் நிறத்தவர்க்கு ஏற்றதன்று என்றும் கூறுகின்றன. காரணம் எளிது. கருமையான தோலில் மெலனின் செல்கள் விழிப்புடன் இருப்பவை. சிறு புண், சிறு அழற்சி வந்தாலும் அவை கூடுதலாக மெலனினைக் கொட்டிவிடும். பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கருத்து நிற்பதை நாம் அறிவோம். அளவு மீறிய உரிப்புக்குப் பின்னும் அதுவே நிகழும். ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் 1975இல் வகுத்த தோல் வகைப் பட்டியல்கூட முதலில் வெள்ளைத் தோலுக்காகவே எழுந்தது. பழுப்பும் கறுப்பும் பின்னர்தான் சேர்க்கப்பட்டன. வெளிநாட்டுத் தயாரிப்பின் குறிப்புகளை அப்படியே நம் முகத்துக்குப் பொருத்துவது சரியாகாது.

மருத்துவர் பெயர் எழுதிய பலகையும் முழு உத்தரவாதம் ஆகாது. பலகையில் இருப்பவர் ஒருவர், முகத்தில் பூசுபவர் வேறொருவர் என்றால் என்ன பயன்? எனவே கேட்க வேண்டும்: பூசப்போவது யார்? எந்த அமிலம், எத்தனை விழுக்காடு, எத்தனை நிமிடம்? எப்படி நிறுத்துவீர்கள்? புண்ணானால் யாரிடம் வருவது? இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் முகத்தைக் கொடுக்காமல் இருப்பதே நன்று.

மருந்துக்கடை கிரீம் என்னும் கண்ணிவெடி

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1975இல் க்ளிக்மன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாவும் மங்கு போன்ற கரும்படலத்துக்கு மூன்று மருந்துகளைக் கலந்த களிம்பை அறிமுகப்படுத்தினர். அவற்றில் ஒன்று ஸ்டீராய்டு. அதன் வழிவந்த கலவைகள் நம் நாட்டில் மருத்துவச் சீட்டே இல்லாமல் 'சிவப்பாக்கும் கிரீம்' என்று பல ஆண்டுகள் கைமாறின. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலியும். இரத்தக் குழாய்கள் தெரியும். பருவும் எரிச்சலும் பெருகும். இந்த முறைகேட்டை எதிர்த்துத் தோல் மருத்துவர்கள் குரல் கொடுத்ததன் பின், 2018 மார்ச்சில் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்னும் பட்டியலில் சேர்த்தது.

இதற்கும் தோலுரிப்புக்கும் என்ன தொடர்பு? முன்னே சொன்ன பெரிய மின்தடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு அந்தச் சுவரை ஏற்கெனவே மெலிய வைத்திருக்கிறது. அதன்மேல் அமிலம் பூசினால், மற்றவர்க்கு மேலோட்டமான உரிப்பாக இருப்பது இவர்க்குப் புண்ணாக முடியும். வீட்டிலே பீல் போட்டுக்கொள்ளும் பெண்ணிடம் "இதற்கு முன் என்ன தடவினாய்?" என்று கேட்க ஆள் இல்லை. நல்ல மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இந்த விசாரணையில் இருக்கிறது.

உறையில் எழுதாததும் உள்ளே இருக்கலாம். கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒரு வகை நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு ஓர் அரிய வகை காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் கிரீம் தடவியவர்கள்! ஐயம் விழுந்தது பாதரசத்தின் மேல். நம் நாட்டு விதிப்படி, கண்ணுக்கு இடும் பொருள்கள் நீங்கலாக, பூச்சுகளில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது. தயாரிப்பாளர் முகவரியும் தொகுதி எண்ணும் இல்லாத டப்பாவில் இதை யார் அளந்தார்கள்?

வெயிலைத் தவிர்க்க முடியாதவர்கள்

விளம்பரங்களை மட்டும் குறை கூறி, மருத்துவ அறிவுரையைக் குறை கூறாமல் விட்டால் இந்த விமரிசனம் பாதியாகவே நிற்கும்.

எல்லா அறிவுரையிலும் ஒரு வரி தவறாமல் வரும்: "வெயிலைத் தவிர்க்கவும்." இவ்வரி அறிவியல்படி மிகச் சரியானது. நான்கு வாரம் ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலம் தடவியவர்களின் தோல், புற ஊதாக் கதிரால் சிவக்கும் தன்மை 18% கூடியதாகவும், செல்களுக்கு ஏற்படும் சேதம் சராசரியாக இரு மடங்கானதாகவும் அமெரிக்க ஆய்வுகள் கண்டன. பூசுவதை நிறுத்திய ஒரு வாரத்தில் இந்நிலை மாறியது. சென்னையிலோ கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது உச்ச வகுப்பு.

ஆனால் யாருக்கு இந்த அறிவுரை? காசிமேட்டில் விடியலில் ஏலம் எடுத்து, நண்பகல்வரை கூடையோடு தெருவில் நிற்கும் மீன்காரம்மாவுக்கா? துறைமுகத்துக் கன்டெய்னர் லாரியின் ஓட்டுநருக்கா? கடலில் தகதகக்கும் நீரின் எதிரொளியையும் சேர்த்து முகத்தில் வாங்கும் மீனவருக்கா? வியர்வையோடு வழிந்துவிடும் வெயில் தடுப்புக் களிம்பை இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூசிக்கொள்ள எத்தனை பேருக்கு நேரமும் பணமும் உண்டு? வெயிலைத் தவிர்க்க இயலாதவர்க்குச் சொல்ல வேண்டிய நேர்மையான வாக்கியம் இதுதான்: "உங்கள் வேலை இப்படி இருக்கும்வரை தோலுரிப்பு உங்களுக்கு வேண்டாம், வீட்டிலும் வேண்டாம், மருத்துவரிடமும் வேண்டாம்." அகலமான தொப்பியும், முகத்தை மறைக்கும் பருத்தித் துணியும் அவர்களுக்கு எந்த அமிலத்தைவிடவும் நன்மை செய்யும்.

வடசென்னைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்கள் வெறுங்கையால் அதை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது கண்ணெரிச்சலும் தோலெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மக்கள் ஓடினார்கள். ஆலையில் கரைப்பான்களையும், கட்டடத்தில் சிமென்டையும், மீன் பதப்படுத்துமிடத்தில் உப்பு நீரையும் பனிக்கட்டியையும் அன்றாடம் தொடுபவர்கள் இப்பகுதியில் ஏராளம். சுவரில் ஏற்கெனவே விரிசல் கண்டவர்கள் இவர்கள். சிவந்தோ, வெடித்தோ, அரித்தோ இருக்கும் தோலின் மேல் உரிக்கும் அமிலம் படவே கூடாது.

கருமை அழுக்கா?

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொய் இருக்கிறது. கறுப்பு ஒரு கறை, உரித்தால் போய்விடும் என்பதே அது. 1975இல் சந்தைக்கு வந்த பெயர்பெற்ற ஒரு கிரீம் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை 2020இல் கைவிட்டது. சொல் போயிற்று, ஆசை போகவில்லை. இன்று 'பளபளப்பு', 'டேன் நீக்கம்' என்ற புதுப் பெயர்களில் அதே சரக்கு வருகிறது.

நிறத்தை நிர்ணயிப்பது அடித்தட்டிலுள்ள மெலனின் செல்களும் பரம்பரையும். மேலோட்டமான உரிப்பு மேலே ஏறிவந்த செத்த செல்களையே நீக்குகிறது. கீழேயிருந்து வரும் அடுத்த வரிசை அதே நிறத்தோடு சில வாரங்களில் வந்து சேரும். பரு, பருவின் கருந்தழும்பு, மங்கு ஆகியவற்றைக் குறைக்கத் தோலுரிப்பு உதவுவது உண்மை. பிறவி நிறத்தை மாற்றுவது அதனால் ஆகாது. ஆழமாகச் சென்று மெலனின் செல்களையே அழித்தால் கிடைப்பது சிவப்பழகு அன்று, வெண்திட்டு. இவ்வளவு வெயிலிலும் நம்மைக் காத்து நிற்கும் மெலனினை எதிரியாக்கி விற்பது அறிவியலுக்கு மட்டுமன்றி நம் மானத்துக்கும் விடப்பட்ட சவால்.

என்ன செய்யலாம்?

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், 'வீடா, மருத்துவரா' என்ற கேள்வி தானே உருமாறுகிறது. அமிலத்தின் உண்மை வலிமை என்ன, எவ்வளவு நேரம், எத்தகைய தோல், பிழை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இந்த நான்குமே முடிவு செய்ய வேண்டும்.

முகத்தில் புண், அழற்சி இல்லாதவர், ஸ்டீராய்டு தடவாதவர், வெயிலில் அதிகம் நில்லாதவர் ஆகியோர் 10%க்கு உட்பட்ட, பி.எச். 3.5க்குக் குறையாத கிளைகாலிக் அல்லது லாக்டிக் அமிலத்தையோ, 2% சாலிசிலிக் அமிலத்தையோ வீட்டில் பயன்படுத்தலாம். முதலில் முன்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தொடங்கினால் போதும். எரிச்சல் அதிகமானால் 'வேலை செய்கிறது' என்று பொறுத்துக்கொள்ளாமல் கழுவிவிட வேண்டும். எரிச்சல் என்பது நரம்பு தரும் எச்சரிக்கை, நற்சான்று அன்று. அமிலப் புண் என்று தோன்றினால் குழாய் நீரில் 20 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இதற்கு மேற்பட்ட வலிமை எதுவாயினும் தோல் மருத்துவரின் கையில்தான் இருக்க வேண்டும். கருவுற்றவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், தழும்பு தடித்து வளரும் இயல்புடையவர்கள், உதட்டருகே அக்கி போன்ற கொப்புளம் அடிக்கடி வருபவர்கள், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்பவர்கள் ஆகியோர் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே புறநோயாளி வரிசையில் செலவிடும் ஒரு காலைப்பொழுது, இருபது காணொளிகளைவிட மதிப்புடையது.

இறுதியாக ஒரு கோரிக்கை. பொட்டலப் பொருள்களின் உறையில் இருக்க வேண்டிய விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டால் போதும் என்று 2011ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பிற மொழிகளையும் சேர்த்துக்கொள்ள அவை தடை சொல்லவில்லை. தமிழில் பேசி, தமிழில் பாட்டிசைத்து விளம்பரம் செய்யத் தெரிந்த நிறுவனங்களுக்கு, ஐந்து வரியைத் தமிழில் அச்சிடத் தெரியாதா? அமிலத்தின் பெயர், விழுக்காடு, பி.எச்., அதிகபட்ச நிமிடம், வெயில் எச்சரிக்கை ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். தமிழ்வழியில் படித்த பெண் ஒருத்தி கண்ணாடி முன் நின்று முடிவெடுக்க அவை உதவும்.

அதுவரை, மாணவர்களே, உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பி.எச். தாள் இருக்கிறது. நிறமற்ற திரவமாக இருந்தால், முகத்தில் பூசுவதற்கு முன் ஒரு துளியை அத்தாளில் இட்டுப் பாருங்கள். உறையில் இல்லாத எண்ணை அது ஓரளவு காட்டிவிடும்.